சிவிங்கிக்கு வழி விடுங்கள்

ஆசிரியருக்கு,

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் பற்றிய பயணக் கட்டுரைகள் பலவும் சீட்டா எனப்படும் சிவிங்கியைச் சிறுத்தை என்றே எழுதுகின்றன. கண்ணிலிருந்து வாயோரம் வரை கருங்கோடு இறங்கினால் அது சிவிங்கி. உடலில் வளையம் வளையமாகப் புள்ளிகள் இருந்தால் சிறுத்தை. வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. சிறுத்தை பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். சிவிங்கி காலையிலும் மாலையிலும், அதாவது சுற்றுலா வண்டிகள் ஓடும் அதே நேரத்தில் இரை தேடும். வண்டிகள் சூழ்ந்தால் மான் உஷாராகிவிடும். குட்டிகள் தாயை விட்டுப் பிரியும். அடித்த இரையை உடனே தின்ன முடியாமல் போனால் கழுதைப்புலி வந்து பறித்துக்கொள்ளும்.

ஒரு விலங்கருகே ஐந்து வண்டிகளுக்கு மேல் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதை ஓட்டுநர்கள் மீறுவதற்குப் பெரும்பாலும் பயணிகளின் நச்சரிப்பே காரணம். "நெருங்க வேண்டாம், எனக்கு அவசரமில்லை" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலரும் 400 மி.மீ. கேமரா லென்ஸும் போதும். வண்டி விளிம்பில் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்து, இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். ஓடும் இன்ஜினின் அதிர்வாலும் படங்கள் கலங்குகின்றன.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இந்தியா திரும்பும்போது கேட்பார்கள்.

ஒரு வாசகர், கோவை