அலையாத்திக் காட்டு வாய்க்கால் தூர்வார இயந்திரம் கேட்டு மனு

அனுப்புநர்: கண்டல் (அலையாத்தி மரம்) நடவு வேலை செய்யும் கிராமத்தார், காரங்காடு அருகில், திருவாடானை வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு வன அலுவலர் அவர்கள்.

பொருள்: மிதவைப் பொக்லைன், ட்ரோன் அளவீடு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறோம். படகுத்துறைக்கு வடக்கே மீன்முள் வடிவில், நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டிக் கண்டல் நட்ட இடம் தாங்கள் நேரில் பார்த்ததுதான்.

1. வாய்க்காலுக்குள் கடல் தண்ணீர் நுழையும் முகத்துவாரம் மண்மேடிட்டுவிட்டது. நம் பாக் விரிகுடாவில் கடல் ஏற்றவற்றம் குறைவு. கொஞ்சம் மண் சேர்ந்தாலே தண்ணீர் உள்ளே ஏறாது. உள்ளே தேங்கியது வெயிலில் வற்றி உப்பு கூடுகிறது. கன்றுகள் நுனி கருகி நிற்கின்றன.

2. தூர்வாருவது எங்கள் வீட்டுப் பெண்கள், மண்வெட்டியும் சட்டியும் வைத்து. முழங்கால் வரை சேறு. ஒரு காலை உருவினால் மறுகால் புதைகிறது. அடியில் சிப்பி ஓடு, மேலே குச்சிபோல நீட்டி நிற்கும் கண்டலின் மூச்சு வேர். பாதம் கிழிந்து, உப்புத்தண்ணீரில் ஆறாமல், துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் இறங்குகிறார்கள். அள்ளிய சேற்றைத் தூரமாகக் கொண்டுபோகத் தெம்பு இல்லாமல் கரையிலேயே கொட்டுகிறோம். அடுத்த ஏற்றத்தில் அது வழிந்து வாய்க்காலுக்கே வந்துவிடுகிறது. அப்புறம் அதே சேறு, அதே சட்டி. இதை எத்தனை வருஷம் செய்வது ஐயா?

3. சென்னையில் ஆகாயத்தாமரை அள்ள இறக்குகிறார்களே, சேற்றிலும் தண்ணீரிலும் மிதந்து போகும் மிதவைப் பொக்லைன் இயந்திரம், அதில் ஒன்றை எங்களுக்குச் சில நாள் அனுப்பினால் போதும். சேற்றை எட்டக் கொண்டுபோய்ப் போடும். வளர்ந்த மரங்கள் நசுங்காமல் வாய்க்கால் வழியாகவே ஓட்ட வேண்டும். வழியை நாங்கள் காட்டுகிறோம்.

4. ட்ரோன் பறக்கவிட்டால் எந்தக் கிளை வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை என்று ஒரே காலையில் தெரியும். இப்போது நாங்கள் நடந்து பார்த்துச் சொல்வதை யாரும் எழுதிக்கூட வைப்பதில்லை.

5. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் 1990-களில் வாய்க்கால் வெட்டிக் கடல் தண்ணீரை உள்ளே விட்ட பிறகுதான் பட்டுப்போன காடு திரும்ப வந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஆபீஸில் வாய்வார்த்தையாகக் கேட்டால் எஸ்டிமேட் போட்டாகிவிட்டது, நிதி வரட்டும் என்கிறார்கள். சரி, வரட்டும். அதுவரை கன்று காத்திருக்குமா? நட்ட அன்றைக்குப் போட்டோ எடுக்க வந்தவர்கள் யாரும் காய்ந்த பிறகு வரவில்லையே ஐயா!

ஐப்பசி மழை இறங்கும் முன் முகத்துவாரத்தை மட்டுமாவது இயந்திரம் வைத்துத் திறந்து கொடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே போய் உப்பைக் கழுவினால் மிச்சக் கன்றுகளாவது பிழைக்கும். தயவுசெய்து இயந்திரம் அனுப்புங்கள் ஐயா. எந்தத் தேதியில் வரும் என்று இந்தத் தடவையாவது எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
கிராமத்தார்