இஸ்டோருக்கு முன்னால் ஓர் ஐ

அட்டன்,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் வலி எப்படி? இங்கே மழை விட்டபாடில்லை. கொழுந்துக்கு நல்லதுதான், எனக்கு இருமல்.

பேத்திக்கு இங்கிலீஷ் வருகிறதா என்று கேட்டிருந்தாய். பேச்சு வருகிறது, எழுத்துக்கூட்டும்போதுதான் வழுக்குகிறாள். அன்றைக்கு 'ஸ்டோர்' எழுதச் சொன்னேன். முன்னால் ஓர் 'ஐ' போட்டு 'இஸ்டோர்' என்றே எழுதிவிட்டாள். தேயிலை ஸ்டோரை நாமெல்லோரும் இஸ்டோர் என்றுதானே சொல்லி வளர்ந்தோம்? காதில் விழுந்ததைப் பிள்ளை எழுதினாள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துப் 'பெரட்டு', 'பரேட்' என்ற சொல்தான் என்பது எனக்கே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

பெரிய தொல்லை நம்முடைய 'ப'. பூங்காவும் பார்க், நாய் குரைப்பதும் பார்க். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. இங்கிலீஷில் பூங்காவுக்குப் 'பீ' (P), குரைப்புக்குப் 'பி' (B). வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்துண்டைப் பிடித்து, வெள்ளைக்காரன் மாதிரிச் சொல்ல வைத்தேன். பூங்காவுக்குக் காகிதம் படபடக்கும், குரைப்புக்கு அசையாது. 'ட', 'க' வரிசைக்கும் இதே வித்தைதான். அப்புறம் ஒரு நாளைக்கு ஐந்து சொல்: பார்த்து, மூடி, எழுதி, சரிபார்க்க வேண்டும். மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு கிழமை கழித்தும் திரும்பக் கேட்பேன். பத்துத் தடவை எழுதச் சொல்லி நம் கையை ஒடித்தார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கதை சொன்னால் இன்னும் நன்றாக ஒட்டுகிறது. கடனுக்கு 'டெட்' என்கிறோமே, அதில் ஒலிக்காத ஒரு 'பி' நடுவில் நிற்கும். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது இல்லை. லத்தீனில் 'டெபிடும்' என்று இருக்கிறதே என்று படித்தவர்கள் பிறகு செருகிவிட்டார்கள். "அப்ப அந்த பியே கடன் வாங்குனதுதான், தாத்தா" என்றாள். கடைக் கடன் கொப்பியின் அட்டையில் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதியும் வைத்திருக்கிறாள். மருமகளுக்குத்தான் கோபம்.

அவர்களும் நம்மிடம் வாங்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது. மிளகுத்தண்ணி 'மல்லிகட்டோனி' ஆகி, அதில் இரண்டு 'எல்' வேறு. எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"காதுல விழுந்தபடிதானே அவங்களும் எழுதியிருக்காங்க. அவங்களுக்கு யாரு தாத்தா மார்க் குறைச்சாங்க?"

பதில் தெரிந்தால் அடுத்த கடிதத்தில் எழுது. உன் பழைய அகராதி சும்மா கிடந்தால் வரும்போது கொண்டுவா.

அன்புடன்,
உன் மச்சான்