யூருவா ஆற்றங்கரை மண்ணைச் சலிக்க உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம், பழங்காலக் குரங்குகளின் பற்களைத் தேடுவதற்குப் பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

பெரு நாட்டின் உக்காயாலி பகுதியில், பிரேசில் எல்லைப் பக்கம், யூருவா ஆற்றங்கரையில் சாந்தா ரோசா என்று ஓர் இடம். தென் அமெரிக்காவில் இதுவரை கிடைத்த மிகப் பழைய குரங்குகளில் சில இந்த மண்ணில் புதைந்து இருந்தன. முழு எலும்புக்கூடெல்லாம் கிடையாது, பற்கள்தான், அதுவும் அரிசி நொய் அளவுக்கு. 2015இல் பெருபிதேக்கஸ் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். அப்புறம் 2020இல், நான்கே நான்கு பற்களை வைத்து உக்காயாலிபிதேக்கஸ். இதன் நெருங்கிய சொந்தமெல்லாம் எகிப்தின் ஃபயூமில் கிடைத்த பழங்காலக் குரங்குகள்! ஆக, வெள்ளத்தில் அடித்துவந்த மரமும் மண்ணும் பின்னிய மிதவைகளில் ஏறி, அன்று இப்போதைவிடக் குறுகலாக இருந்த அட்லாண்டிக்கைக் குரங்குகள் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு வம்சம் இன்றைய தென் அமெரிக்கக் குரங்குகளாகப் பெருகியது, இன்னொரு வம்சம், அதாவது உக்காயாலிபிதேக்கஸுடையது, அற்றுப்போனது. இந்தப் பற்களின் காலம் பற்றி இன்னும் விவாதம் ஓடுகிறது: முதலில் 3.6 கோடி ஆண்டு என்றார்கள், பிறகு வந்த ஆய்வுகள் 3 கோடியை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டன. இன்னும் நிறைய பற்கள் கிடைத்தால்தான் இதெல்லாம் தெளியும் என்பது எங்கள் எண்ணம்.

வேலை என்னவென்றால், ஆறு வடிந்திருக்கும் மழையில்லா மாதங்களில் கரையை வெட்டி மண்ணை மூட்டை கட்டி, வெயிலில் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மிகச் சிறிய கண்ணிகள் கொண்ட சல்லடையில் அலச வேண்டும். தங்குகிற பொடியை மறுபடி காயவைத்து, உருப்பெருக்கிக்கு அடியில் ஊசிமுனையால் ஒவ்வொரு துகளாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். மீன் பல், எலி வகைப் பல் என்று நிறைய வரும், குரங்குப் பல் அபூர்வம். பொறுமைதான் முதல். ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரை கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போகிறது, அதுதான் எங்களை அவசரப்படுத்துகிறது.

ஒரு பருவத்துக்குச் சல்லடைகள், சாக்குகள், படகுக்கு டீசல், ஆற்றோர ஊர்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூலி, எல்லோருக்கும் சாப்பாடு, இவ்வளவுதான் தேவை. கூலியில் கை வைக்கவே மாட்டோம். கிடைக்கிற பற்களெல்லாம் பெருவிலேயே இருக்கும், வெளியே போகாது.

சின்னத் தொகை என்று தயங்காதீர்கள், நாலு பேர் சேர்ந்து போட்டால் ஒரு சல்லடை வாங்கிவிடலாம். வங்கி விவரம் குழுச் செயலாளரிடம் கேளுங்கள், ரசீது உண்டு, செலவுக் கணக்கைப் பருவம் முடிந்ததும் எல்லோருக்கும் அனுப்புவோம். ஆறு வடியும் முன்னே சாமான்கள் ஏறியாக வேண்டும், அதனால் ஏப்ரல் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள்.