பேஸ் எங்கே என்று கேட்ட நண்பனுக்கு

மச்சான்,

போன வாரம் ரிகர்சல் முடிந்ததும் உன் போனில் பதிவு செய்ததைப் போட்டாய். எல்லோரும் குனிந்து கேட்டோம். மூன்றாவது பாட்டு பாதி ஓடும்போது, "டேய், இதுல பேஸ் எங்கடா?" என்று கேட்டுச் சிரித்தாய். நம் குழுவில் நீ கிட்டார், நான் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த ஸ்வரம் போடுகிற நாலு கம்பி வாத்தியம். டிரம்மரும் சிரித்தான். நீ சிரித்ததைவிட அவன் சிரித்ததுதான் எனக்கு வலித்தது. அவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதோடு விட்டாயா? "அஞ்சு கம்பி பேஸ் ஒண்ணு வாங்கு, பேட்டரி போட்ட ஆக்டிவ்ல. இந்தக் கட்டைய வச்சுக்கிட்டு என்ன பண்ற" என்று இலவச ஆலோசனை வேறு. எனக்குப் பதில் எப்போதும் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போதுதான் வரும். அன்றைக்கு வர ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். பொழுதுபோக்குக்கு வாசிக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். உன் பெயரைச் சொல்லமாட்டேன், பயப்படாதே.

முதலில் அந்தப் போன் விவகாரம். என் பேஸின் தடித்த கம்பி, அதாவது ஈ கம்பி, விரல் எதுவும் வைக்காமல் மீட்டினால் விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலை காற்றில் எட்டு மீட்டருக்கு மேல் நீளம். உன் போனின் ஸ்பீக்கர் சுண்டுவிரல் நகம் அளவு. எட்டு மீட்டர் அலையை அது தள்ளும் என்று எதிர்பார்ப்பது ஸ்பூனால் கிணறு இறைக்கிற கதை. அப்படியானால் சில பாப் பாட்டுகளில் மட்டும் போனிலேயே பேஸ் கேட்கிறதே என்பாய். அது உன் காது செய்கிற வேலை. 41 அதிரும்போது கூடவே அதன் மடங்குகளான 82, 123, 164 எல்லாம் அதிர்கின்றன. மேல் மடங்குகள் மட்டும் காதுக்கு வந்தால்கூட, அடியில் என்ன ஸ்வரம் இருந்திருக்க வேண்டும் என்று மூளை தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். மிக்ஸ் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பேஸில் கொஞ்சம் டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, கலந்து அந்த மடங்குகளை உசுப்பிவிடுவார்கள். அந்த டிராக்கைத் தனியாகக் கேட்டால் தொண்டை கட்டினவன் பேசுவது மாதிரி இருக்கும். பாட்டுக்குள் போட்டால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இப்போது உன் ஐந்து கம்பி யோசனைக்கு வா. அதில் கூடுதலாக வருவது கீழே ஒரு பி கம்பி. அது விநாடிக்கு 31 அதிர்வு. 41ஐயே தள்ள முடியாத போனுக்கு 31ஐ ஊட்டச் சொல்கிறாய்!

போன மாதம் என் கேபிள் செத்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது சரணத்தில், சத்தமே இல்லாமல். நான் ஜாக்கை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சட்டென்று நிமிர்ந்து டிரம்மரை முறைத்தாய். அவன் உன்னை முறைத்தான். பாடுகிறவள் சுதி தேடிக் கண்ணை மூடிக்கொண்டாள். கீபோர்டுக்காரர் இடது கையால் என்னவோ அழுத்த ஆரம்பித்தார். ஏதோ கெட்டுவிட்டது என்று நாலு பேருக்கும் தெரிந்தது, ஆனால் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. வேறு கேபிள் மாட்டி அடுத்த தட்டில் நான் உள்ளே வந்ததும் எல்லோருக்கும் முகம் தெளிந்தது. பாட்டு முடிந்ததும் நீ சொன்னது: "நடுவுல டிரம்ஸ் கொஞ்சம் இழுத்துருச்சு." அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேஸை யாரும் கவனித்துக் கேட்பதில்லை. அதன் மேல் நின்றுகொண்டு மற்றதைக் கேட்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். நீ சி மேஜர் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற அந்த ஸ்வரக் கூட்டத்தை, கிட்டாரில் பிடித்துக்கொண்டு நில். நான் அடியில் சி வாசித்தால் அது சி மேஜர். உன் விரல் ஒரு மயிரிழைகூட நகராமல் இருக்க, நான் ஏ வாசித்தால் அதே கார்டு ஏ மைனர் செவன்த் ஆகிவிடும், வெயில் போய் மேகம் வந்த மாதிரி. நீ வாசித்தது என்ன என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். இதை நான் ரிகர்சலில் சொல்லாமல் இருப்பது பண்பு.

அப்புறம் நீ பாப்பைக் கேவலமாகப் பேசுவது. மூன்று கார்டு, சர்க்கரைப் பாகு என்பாய். இருக்கட்டும். கனமான ராக் பாட்டுகளில் எனக்கு என்ன வேலை? நீ திரும்பத் திரும்ப வாசிக்கிற ரிஃபை ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே நகல் எடுப்பது. பாப்பில்தான் இடம் இருக்கிறது. கிட்டார் ஓரமாக நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டிருக்கும், குரல் மேலே போகும், காலால் அடிக்கிற கிக் டிரம்முக்கும் குரலுக்கும் நடுவில் முழு மாடி காலி. அங்கே என்ன வாசிப்பது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதுதான் பெரிய வேலை. ஒரே ஸ்வரத்தை எட்டு முறை வாசிக்கிறேன் என்று வைத்துக்கொள். ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் அடி விழுகிற அதே கணத்தில் இடது கை விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் விட்டால் ஸ்வரம் அறுந்துவிடும். அந்தச் சின்னப் பள்ளத்தில் ஸ்னேர் வந்து விழும், இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்கும். விடாமல் இழுத்தால் அதே ஸ்னேர் சேற்றில் விழுந்த கல். ஸ்வரம் ஒன்றுதான், மாறியது நீளம் மட்டும். ஆட்டம் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. எனக்கு இது புரியப் பத்து வருடம் ஆனது. அதற்குமுன் கட்டைவிரலால் கம்பியை அறைகிற ஸ்லாப் அடித்துக்கொண்டு திரிந்தேன். நீயும் கைதட்டினாய், அந்தப் பாவத்தில் உனக்கும் பங்கு உண்டு.

அமெரிக்க பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சனைப் பார். மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக டெட்ராய்ட்டில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து 60களின் பாப் பாட்டுகளுக்கு வாசித்துத் தள்ளியவர். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துத்தான் மீட்டுவார். கூட இருந்தவர்கள் அந்த விரலுக்கே 'கொக்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒற்றை விரலில் அந்த ஓட்டம்! உலகமே அவர் வாசித்ததற்கு ஆடியது, அவர் பெயர் தெரியாமல். 1971இல் வந்த பாடகர் மார்வின் கேயின் ஆல்பம் ஒன்றில்தான் அது அச்சில் வந்தது. அடுத்தது கேரல் கே. அவர் உன் கட்சி, கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ்காரர் வரவில்லை, இவர் கையில் பேஸைக் கொடுத்தார்கள். அப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விரலுக்குப் பதில் பிக், அதாவது மீட்டுகிற சின்னத் தகடு, வைத்து வாசிப்பார். பிக் வைத்து பேஸ் வாசிப்பது தப்பு என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு நான் தருகிற ஒரே பதில் அவர் பெயர்.

சின்தசைசர் வந்து பேஸை விழுங்கிவிட்டது என்று நீ எனக்காக வருத்தப்படுவது எனக்குத் தெரியும். வருத்தப்படாதே. ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் பெட்டி 1980இல் வந்தது, அசல் டிரம் மாதிரி இல்லை என்று சொல்லி ஒதுக்கினார்கள், 1983இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய பெட்டிகள் மலிவாகக் கைமாறின. அதன் கிக்கை நீளமாக இழுத்துச் சுதி சேர்த்தால் அதுவே பேஸ் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். இன்றைக்குப் பாதி பாப் அதன் மேல்தான் நிற்கிறது. நன்றாகச் செய்தால் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டே இருக்கிற சமீபத்திய பழக்கம் சலிப்பாக இருக்கிறது. வழுக்குவது எப்போதாவது நடந்தால்தானே அழகு. அதேபோல் பாடகர் பிரின்ஸ் 1984இல் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டிலிருந்து பேஸையே தூக்கி எறிந்தார், அமெரிக்காவில் அது முதலிடத்துக்குப் போனது. நான் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இல்லாத ஒரு பல்லை நாக்கு தடவுகிற மாதிரி இருக்கும். பேஸ் என்றால் என்ன என்று தெரிந்தவனால்தான் அப்படி எடுக்க முடியும்.

இப்போது என் கட்டையைப் பற்றி. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் ஃப்ரெட் என்ற குறுக்குக் கம்பிகள் இருப்பதால் சுதி பிசகாது, அதனால்தான் பிரிசிஷன் என்று பெயர். மனுஷனுக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்பது எனக்கு மிகவும் ஆறுதலான செய்தி. என்னுடையது அந்த வகையில் ஒரு மலிவுப் பிரதி. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். டோன் குமிழை நான் தொடுவதே இல்லை. நீ சொல்கிற ஆக்டிவ் பேஸ் ஒன்று முன்பு என்னிடம் இருந்தது. நாலு குமிழ், உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி. ஒரு கல்யாண நிகழ்ச்சியில் முதல் பாட்டிலேயே அந்த பேட்டரி படுத்துவிட்டது. என்ன ஏது என்று புரியாமல் ஆம்பைத் தட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த மாதமே விற்றுவிட்டேன். நல்ல ஆக்டிவ் பேஸ்கள் உலகத்தில் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜாக்கெட்டில் பேட்டரி வைத்துக்கொண்டு பாட்டு வாசிக்க எனக்கு மனசில்லை.

உண்மையில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் கம்பி. தட்டையாகச் சுற்றிய ஃபிளாட்வவுண்ட் கம்பியைத்தான் போட்டிருக்கிறேன், நாலு வருடமாக மாற்றவில்லை. புதிதாகப் போட்டபோதுகூட இவ்வளவு நன்றாக இல்லை. பளபளப்பெல்லாம் செத்து, தட்டினால் 'தும்' என்று மரம் மாதிரி வருகிறது. ஜேமர்சனும் கம்பியை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார், இதில் நான் அவர் சீடன்.

அடுத்தது செட்டப். உன் வீட்டில் மூலையில் சாய்ந்து கிடக்கிறதே ஒரு பேஸ், கம்பி உயரமாக இருக்கிறது, விரல் வலிக்கிறது என்று கைவிட்டாயே, அதை எடு. முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலால் ஈ கம்பியை அழுத்து. கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் மறு கையால் அழுத்து. இப்போது ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் பார். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு மெல்ல நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். ஒரு விரலே போகும் போல இருந்தால் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது என்று அர்த்தம். கழுத்துக்குள் ஓடுகிற டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியின் நட்டை வலப்பக்கம் கால் சுற்று திருப்பு. அதற்கு மேல் ஒரே நாளில் போகாதே. மறுநாள் மரம் அடங்கின பிறகு திரும்பப் பார். நட் இறுக்கமாக மக்கர் செய்தால் வம்பு பண்ணாமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடு. உனக்கு அந்த பேஸ் பிடிக்காமல் போனதற்கு இந்தக் கால் சுற்றுதான் காரணம் என்று நான் பந்தயம் கட்டுவேன். புதிது வாங்குகிற ஆசையில் முக்கால்வாசி இப்படிக் கால் சுற்றில் தீர்ந்துவிடும், கடைக்காரர்களுக்கு இதைச் சொல்லிவிடாதே.

மரம் என்ன மரம், உடம்பு எவ்வளவு கனம் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்களே, அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் வயலின் மாதிரி இருக்கும், உள்ளே கூடு, 30 அங்குலக் குட்டைக் கம்பி, பெரிய விலையும் இல்லை. அதில் அவர் வாசித்தது போதாதா? அந்த பேஸ் 1972இல் திருட்டுப் போய், அரை நூற்றாண்டு கழித்து யாரோ வீட்டு மாடியிலிருந்து கிடைத்தது என்று 2024இல் செய்தி வந்தபோது நான் ஆபீஸில் உட்கார்ந்து கண் கலங்கினேன். பக்கத்து சீட்டுக்காரர் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்.

கடைசியாக, பதிவில் பேஸ் கேட்காததற்கு இன்னொரு காரணம் நீ. உன் ஆம்பில் பேஸ் குமிழ் மூன்று மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் தனியாக, மெதுவாக வாசிக்கும்போது அது நன்றாக இருக்கும், ஏனென்றால் சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஸ்வரங்களைத்தான் முதலில் இழக்கிறது. ரிகர்சலில் அதே நிலையில் வைத்தால் உன் கிட்டாரின் தடித்த கம்பிகள் நேராக என் மேல் ஏறி உட்காருகின்றன. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நீ எங்கே என்று என்னைக் கேட்கிறாய். சனிக்கிழமை வரும்போது அந்தக் குமிழை ஒன்பது மணிக்கு இறக்கி வை. தனியாகக் கேட்டால் உன் கிட்டார் மெலிந்து தெரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள். பதிவை உன் போனில் கேட்க வேண்டாம், நான் ஹெட்போன் கொண்டுவருகிறேன்.

கேபிளும் இரண்டு கொண்டுவருகிறேன்.

உன்
நாலு கம்பிக்காரன்