கேட்பதில் கூச்சம் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். ஷாப்பிங் மாலில் நின்று நன்கொடை கேட்டுப் பேசும்போது ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள், பிச்சை கேட்பது போல இருக்கிறது என்று நேற்று நீ சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. போனில் நிதானமாகப் பேச முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சேர்ந்திருக்கிற க்ரை, பிள்ளைகள் உரிமைக்காக வேலை செய்கிற அந்தத் தொண்டு அமைப்பு, வளர்ந்ததே ஊராரிடம் கேட்டுக் கேட்டுத்தான். 1979-ல் ரிப்பன் கபூர் என்ற விமானப் பணியாளர், அம்மாவின் சாப்பாட்டு மேசையில் நண்பர்களோடு உட்கார்ந்து ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தது. பெரிய பணக்காரர் யாரும் பின்னால் இல்லை. வாழ்த்து அட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்கள். கபூர் 1994-லேயே இறந்துவிட்டார், பாவம். நின்றுபோகாமல் நடத்தியது இந்தச் சின்னச் சின்னத் தொகைகள்தான்.

"ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு போடுங்கள் என்றால் உடனே கொடுக்கிறார்கள், உரிமை என்றால் யோசிக்கிறார்கள்" என்றாயே, அதுதான் விஷயம். சாத்தூர்ப் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் பாடவேளையிலேயே பிள்ளைகள் தூங்கி விழும். விரல் நுனியில் காய்ந்திருக்கும் பசையை உரித்துக்கொண்டே பாடம் கேட்கும். ராத்திரி முழுக்கத் தீப்பெட்டி ஒட்டிவிட்டு வந்த பிள்ளைகள். திடீரென்று ஒன்று வராமல் போனால் விசாரிக்கவே வேண்டாம், தீப்பெட்டி ஆபீஸில் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். நோட்டு வாங்கிக் கொடுத்தேன், பென்சில் வாங்கிக் கொடுத்தேன். வாரக்கூலிக்குப் போய்விட்ட பிள்ளைக்கு நோட்டு என்ன செய்யும்?

1996-ல் உச்ச நீதிமன்றம், சிவகாசித் தொழிற்சாலைகளில் பிள்ளைகள் வேலை செய்தது பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்திருந்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்றது. அதற்கப்புறம்தான் வீடு வீடாகப் போய்ப் பேச எங்களுக்குக் கையில் பிடிமானம் கிடைத்தது. படிப்பும் அப்படித்தான். பத்து வருஷத்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்று 1950-லேயே அரசியல் சாசனத்தில் எழுதிவைத்தார்கள். அது அடிப்படை உரிமையாக 2002 ஆகிவிட்டது, சட்டம் நடைமுறைக்கு வர 2010 ஏப்ரல் ஆகிவிட்டது. தானாக வரவில்லை. நாடு முழுக்கப் பல அமைப்புகள் சேர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தன, க்ரையும் அதில் ஒன்று. பெயரில் ரிலீஃப், அதாவது நிவாரணம், என்றிருந்ததை க்ரை 2006-ல் ரைட்ஸ், அதாவது உரிமைகள், என்று மாற்றிக்கொண்டதும் இந்த வழியில்தான்.

இன்னும் முடியவில்லை. அந்தக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பத்தாவது படிக்கிற பெண்ணைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் பேசினால் அந்தச் சட்டம் அவளுக்கு உதவாது. பிள்ளைகள் பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்று, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தில் ஒரு வாசல் திறந்துவிட்டார்கள். வீட்டுக்குள் நடப்பதை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரிய கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன, நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் வகுப்பறை, கழிப்பறை என்று பெயர்ப் பலகை வைக்கிற மாதிரியான வேலைக்குத்தான் அவர்கள் மனசு போகும். கிராமத்தில் வேலை செய்கிற சின்ன அமைப்புக்கு வருஷக்கணக்காகத் துணை நிற்க, சட்டத்தை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க, மாலில் ஒருவர் தன் வங்கிக் கணக்கில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிற பணம்தான் வேண்டும். அதை வாங்கத்தான் நீ அங்கே நிற்கிறாய்.

ஒன்று மட்டும். நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகையைப் பெரிதாகச் சொல்லி யாரையும் சேர்க்காதே. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது, பழைய முறையிலும் பாதித் தொகைக்குத்தான் கழிவு. முதலிலேயே சொல்லிவிடு. அழுகிற பிள்ளையின் படத்தைக் காட்டி வாங்குவதும் எனக்குப் பிடிக்காது. அந்தப் பிள்ளை நாளை வளர்ந்து அதைப் பார்க்கும்.

வெயிலில் நிற்காதே, மோர் குடி. அப்புறம், என் பென்ஷன் கணக்கிலிருந்து மாதம் 500 பிடிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நடுவில் வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளலாமா என்று அப்பா கேட்கிறார், விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அம்மா
சாத்தூர்