நடைச் சங்க ஆண்டறிக்கை: கடலோரச் சுற்றுப்பாதை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே இந்த அறிக்கையில் கடலோர இயற்கைப் பூங்காவின் சுற்றுப்பாதையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஆண்டு நமக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான்.

முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு பிள்ளைகளோடு வருபவர்களும் கலந்துகொள்ளும்படி ஒரு நடை வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டிருந்தீர்கள். அதற்குத் தோதாக இந்தப் பாதை அமைந்தது. செங்குத்தான ஏற்றமே இல்லை. மணல்மேட்டைப் பலகைப் பாதையில் கடந்து, சதுப்பு ஓரமாகப் போய், கடற்கரை வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். போன வழியே திரும்ப வேண்டியதில்லை என்பதால் பிள்ளைகளுக்குச் சலிப்பு தட்டவில்லை.

முதல் நடையில் ஒரு தவறு நடந்தது. அது என் தவறு. விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறித்துவிட்டேன், அன்று பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். நாம் கரைக்கு வந்து சேர்ந்தபோது, நடக்க வேண்டிய கெட்டியான ஈரமணல் தண்ணீருக்குள் இருந்தது. மேலே இருந்த காய்ந்த மணலில்தான் நடக்க முடிந்தது. கால் புதையும் மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். மூத்த உறுப்பினர்கள் இருவர் மிகவும் களைத்துப்போனார்கள். அவர்களிடம் இந்தச் சபையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம்தான் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நாள் குறிக்கத் தொடங்கினோம். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைய நேரம் நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரத்து நேரத்தை நம்பிக் கிளம்ப முடியாது. அட்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் குறைவு. இப்போது அப்படிப்பட்ட நாளாகப் பார்த்து, தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்துக்குச் சற்று முன்பாகவே கரையில் இறங்கும்படி புறப்படுகிறோம். அன்று களைத்தவர்களே அடுத்த நடையில் முன்னால் நடந்தார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி.

இன்னொன்று வெயில். நிலம் சூடேறியதும் கடற்காற்று வீசத் தொடங்கிவிடும். உடம்புக்கு இதமாக இருப்பதால் தோல் கருகுவது தெரியாது. காய்ந்த கடல் மணல் புற ஊதாக் கதிர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. தொப்பி போட்டிருந்தாலும் கீழிருந்து முகத்தில் படும். கழுத்தையும் கையையும் மூடும் உடையோடு வாருங்கள்.

நமக்குள் சிலர் மணல்மேட்டின் குறுக்கே இறங்கி வழியைச் சுருக்கிக்கொண்டதைப் பார்த்தேன். மனம் வருந்தியே இதைச் சொல்கிறேன். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை செடிகளின் வேர்களும் கொடிகளும்தான். ஓரிடத்தில் மிதிபட்டு அவை செத்தால் காற்று அங்கே மணலை வாரிப் பள்ளமாக்கும். பள்ளம் தானே பெரிதாகும். உப்புக்கொத்தி போன்ற பறவைகள் திறந்த மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடுகின்றன. முட்டை மணல் நிறத்திலேயே இருப்பதால் காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. சரி, பத்து நிமிடம் கூடுதலாகத்தான் ஆகட்டுமே, பலகைப் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

சதுப்பு ஓரத்தில்தான் எல்லோரும் அதிக நேரம் நின்றோம். தண்ணீர் வற்றியதும் உள்ளான்கள் கூட்டமாக வந்து சேற்றில் அலகை விட்டு விட்டு எடுக்கின்றன. கடல் திரும்ப ஏறும்வரைதான் அவற்றுக்கு இரை. அந்த நேரத்தில் நாம் கிட்டே போய்க் கலைத்தால் அவற்றின் உணவு நேரம் குறையும். பைனாகுலர் வைத்திருந்தவர்கள் மற்றவர்களுக்கும் கொடுத்துப் பார்க்க வைத்தார்கள், நன்றி.

வரும் ஆண்டில் இதே பாதையில் வலசைப் பறவைகள் வரும் பருவத்தில் நடக்கத் திட்டமிட்டுள்ளோம். குழுவின் கடைசி ஆளாக நடந்து, யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்