ஊருணித் திருப்பணி நிறைவு: தலைக்கட்டுதாரர்களுக்குக் குழுவின் கணக்கு

மரியாதைக்குரிய தலைக்கட்டுதாரர்களுக்கும், தாய்மார்களுக்கும், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கமும் ஸலாமும்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் அதுதான் பேச்சு. வெளிநாட்டிலிருந்து பதினெட்டு லட்சம் குழுவுக்கு வந்ததாம், கணக்கு எங்கே என்கிறார்கள். குழுவுக்கு அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. வரவும் முடியாது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். அதன்பின், பதிவுபெற்ற நிறுவனம் வாங்கும் வெளிநாட்டுப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. அதனால் ஜேசிபிக்கும் ஒப்பந்தக்காரருக்கும், வெளிநாட்டு மானியம் வாங்கிய தொண்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கொடுத்தது. நம் கையில் புரண்டது, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியும் நன்கொடையும் மட்டுமே. அந்தக் கணக்கை எழுதியவர்கள் மகளிர் குழுவினர். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத் திட்டத்துக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியே பணம் வந்த காலத்தில், கிராமக் குழுவில் உட்கார்ந்து சுழல்நிதிப் பேரேடு எழுதிப் பழகியவர்கள் அவர்கள். நோட்டு நூலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

கிராம சபைக்குப் போய்க் காலத்தைக் கடத்திவிட்டோம் என்று ஒரு குறை. ஊருணி ஊராட்சியின் சொத்து. தீர்மானம் இல்லாமல் மண்வெட்டி வைத்தால் நாளைக்கு எவரும் வழக்குப் போடலாம். 2024 அக்டோபர் 2 சபையில் தீர்மானம் போட்டோம். 2025 ஜனவரி 5இல் தலைவர், உறுப்பினர்கள் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. அவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கி, ஜனவரி 26 சபையில் மறுபடி வாசித்துக் கையெழுத்து வாங்கினோம். அந்த அலைச்சலை நான் வீண் என்று நினைக்கவில்லை.

தூர் வாரியது, கரையில் சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கியது, வரத்துக்கால் வெட்டியது, வடிகட்டித் தொட்டி, கம்பி வேலி எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. கரம்பை மண் மிளகாய்க் கொல்லைகளுக்குப் போனது.

இனி மேற்குத் தடுப்புச்சுவர். பதினான்கு மீட்டர் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டாயிற்று. மறுநாள் காலை சித்தாளாக வந்த நம் கடல்பாசி எடுக்கும் பெண்களில் ஒருவர், மிக்சர் பக்கத்து டிரம்மில் கைவிட்டு ஒரு வாய் அள்ளி, உடனே துப்பினார். "என்னய்யா, கடல்ல நிக்கிற மாதிரி கரிக்குது!" ஒப்பந்தக்காரர் டேங்கர் தண்ணீருக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, தரவைப் பொட்டலில் இருக்கும் கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "கடற்கரையில எல்லாரும் இந்தத் தண்ணியிலதான் கட்டுறாங்க" என்றார்.

கட்டுகிறார்கள்தான். அதனால்தான் நம் வீடுகளில் சன்ஷேடு பெயர்ந்து துருக்கம்பி பல்லிளிக்கிறது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலையின் விதி. மதுரைக்கு அனுப்பிப் பரிசோதித்ததில் 1,340 இருந்தது. இடித்துக் கட்டுங்கள் என்றோம். ஓர் இரவில் மிக்சரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

தொண்டு நிறுவனத்துக்கு வேறு நெருக்கடி. செப்டம்பர் 30உடன் மானியக் காலம் முடிகிறது, பூசி முடித்துப் புகைப்படம் அனுப்புங்கள் என்றார்கள். அந்தச் சுவருக்கு ஏற்கெனவே பில் போட்டாயிற்று. ஒரே சுவரை இரண்டு முறை மானியத்தில் எழுத முடியாது என்பதும் உண்மை. ஊர்க்கூட்டம் இரவு பதினொரு மணி வரை நடந்தது. இடிப்பது, செலவை ஊரே ஏற்பது என்று முடிவானது. நான் முதலில் தயங்கினேன். "தண்ணி குடிக்கப் போறது நம்ம புள்ளைக, போட்டோ பாக்குறவுக இல்ல" என்று ஓர் ஆத்தா எழுந்து சொன்ன பிறகு எனக்குப் பேச்சில்லை. பிறகு நிறுவனத்தாரும் நம் முடிவை அப்படியே எழுதி மேலே அனுப்பினார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இடித்துக் கட்டிய செலவு ரூ. 2,87,000. கூடுதல் வரி தலைக்கட்டுக்கு ரூ. 500. மொத்தம் 412 தலைக்கட்டில், தனியாக வாழும் 19 தாய்மார்களுக்கு விலக்கு. மீதி 393 தலைக்கட்டில் வசூல் ரூ. 1,96,500. துண்டு விழுந்த ரூ. 90,500ஐ நன்கொடை நிரப்பியது. தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்க்காதது குழுவின் தவறு. அந்தக் காகிதத்தை எழுதியவன் நான். கூடுதல் வரி கட்டிய ஒவ்வொரு வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

கொடுத்தவர்கள்: பள்ளிவாசல் ஜமாஅத், அம்மன் கோயில் விழாக் குழு, சர்ச் சபையார், நாட்டுப்படகுச் சங்கம், பாசி எடுக்கும் பெண்கள் (ஒரு நாள் பாசிக் காசு முழுவதும்), ஐஸ் பிளான்ட் தொழிலாளர்கள், கருவாட்டு வியாபாரிகள், துபாய், சவுதி, கத்தார், சிங்கப்பூர் பிள்ளைகள், பேருந்து நிறுத்த ஆட்டோ ஓட்டுநர்கள், பள்ளி ஆசிரியர்கள், உண்டியல் உடைத்த ஆறாம் வகுப்பு மாணவர்கள், மூன்று நாள் கூலி வாங்காத கொத்தனார்கள் நால்வர், டேங்கருக்கு டீசல் போட்ட லாரி உரிமையாளர், பெயர் சொல்ல வேண்டாம் என்று ரூ. 10,000 வைத்துவிட்டுப் போன ஒருவர். தனித்தனிப் பெயரும் தொகையும் ஊர்ச் சாவடியில் ஒட்டியிருக்கிறோம். விடுபட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், சேர்க்கிறேன்.

ஐப்பசி மழையில் ஊருணி ஏழாம் படி வரை நிறைந்தது. வடிகட்டித் தொட்டி மணலை மாசிக்குள் அலசிப் போட வேண்டும். தொட்டிச் சாவி மகளிர் குழுவிடம் உள்ளது. கால்நடையை வடக்குக் கரைப் பக்கம் விடாதீர்கள், மண் இன்னும் இறுகவில்லை.

இப்படிக்கு,
குழுச் செயலாளர்